யோராந்தோ: பாடியவரை மறைத்த கதைகள்

டேவிட் லிஞ்சின் ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ (2001) படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை குழம்பிப்போயிருக்கலாம். சிலென்சியோ கிளப் காட்சி மட்டும் மறக்காது. இரவு இரண்டு மணிவாக்கில் இரண்டு பெண்கள் டாக்சி பிடித்து ஒரு பழைய நாடக அரங்குக்குப் போகிறார்கள். சிவப்புத் திரை. இருக்கைகளில் அங்கங்கே சிலர். மேடையில் ஒருவர் வந்து, இங்கே இசைக்குழு எதுவும் கிடையாது, கேட்பதெல்லாம் ஒலிப்பதிவு என்று பல மொழிகளில் சொல்கிறார். டிரம்பெட் வாசிப்பவர் கருவியை வாயிலிருந்து எடுத்த பிறகும் டிரம்பெட் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதன் பிறகு ஒரு பெண் தளர்ந்த நடையில் வந்து மைக் முன்னால் நிற்கிறார். கண்ணுக்குக் கீழே ஒரு பொய்க் கண்ணீர்த்துளி. எந்த வாத்தியமும் இல்லாமல் ஸ்பானிஷில் ஒரு காதல் தோல்விப் பாட்டைப் பாடுகிறார். பார்வையாளர் வரிசையில் இருக்கும் இரண்டு பெண்களும் அழுகிறார்கள். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது பாடகி சரிந்து விழுகிறார். குரல் நிற்கவில்லை. விழுந்தவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போன பின்பும் பாட்டு தொடர்கிறது.

இந்த மூன்று நிமிடச் சொச்சத்தைச் சுற்றிக் கால் நூற்றாண்டாகப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஏறக்குறைய எல்லாக் கதைகளும் பாட்டைப் பாடியவரிடமிருந்தோ எழுதியவரிடமிருந்தோ எதையாவது பிடுங்கி வேறு யாருக்காவது கொடுக்கின்றன: பெயர் தெரியாத பின்னணிப் பாடகிக்கு, ஏதோ ஒரு கிராமிய மரபுக்கு, இயக்குநரின் மேதைமைக்கு, விதிக்கு. அதனால்தான் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

“விழுந்தவர் நடிகை, குரல் வேறு யாருடையதோ”

இதுதான் பரவலான தவறு. காட்சியே அப்படி நம்பத்தானே தூண்டுகிறது? பாடகி விழுகிறார், குரல் தொடர்கிறது. ஆகவே அது அவர் குரல் இல்லை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் மேடையில் நிற்பவர் ரெபெக்கா டெல் ரியோ, குரலும் அவருடையதுதான். கதைக்குள்ளேயும் அவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். தன் ஒலிப்பதிவுக்குத் தானே வாயசைத்து நடித்திருக்கிறார்.

அந்த ஒலிப்பதிவு நடந்த விதம், படத்தில் வரும் எந்தத் திருப்பத்தையும்விட எனக்குப் பெரிதாகப் படுகிறது. டெல் ரியோ கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவில் 1967-இல் பிறந்தவர். மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர் அது. நாஷ்வில் போய், கன்ட்ரி இசை உலகில் பாடகியாக நிலைக்கப் பாடுபட்டவர். பிரையன் லவுக்ஸ் என்ற ஏஜென்ட் அவரை லிஞ்சிடம் அறிமுகப்படுத்த அழைத்துப் போனார். லிஞ்சின் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. சும்மா வந்து ஒரு காபி குடித்துவிட்டு, ஒரு பாட்டைப் பாடிக் காட்டிவிட்டுப் போவதுதான் ஏற்பாடு. வந்த சில நிமிடங்களில், காபிக்குக்கூடக் காத்திருக்காமல், அவர் மைக் இருந்த அறைக்குள் போய் நின்றுவிட்டார். ஒலிப்பொறியாளர் ஜான் நெஃப் பதிவுப் பொத்தானை அழுத்தினார். டெல் ரியோ முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்தார். படத்தில் நாம் கேட்பது அன்றைக்குப் பாடியதைத்தான். திரும்பப் பாடவைக்கவில்லை, வெட்டி ஒட்டவும் இல்லை.

பாடிக்காட்ட வந்த இடத்தில், தயாரிப்பு எதுவுமில்லாமல் கொடுத்த ஒரு டேக், நூற்றாண்டின் தலைசிறந்த திரைக்காட்சிகளின் பட்டியல்களில் இடம்பெறும் ஒன்றாக ஆகிவிட்டது. நிறைய பேர் அவர் பெயரைக் கேட்டதே இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

“அது ஒரு பழைய ஸ்பானிஷ் நாட்டுப்பாடல்”

இந்தக் குழப்பத்துக்குப் படமே ஒரு காரணம். கிளப்பின் அறிவிப்பாளர் டெல் ரியோவை ‘லாஸ் ஏஞ்சலஸின் லா யோரோனா’ என்று அழைக்கிறார். லா யோரோனா என்பவள் மெக்சிகோவின் வாய்மொழிக் கதைகளில் வரும் அழுகைக்காரி. தன் பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, இரவெல்லாம் நீர்க்கரையில் புலம்பித் திரிபவள். அவள் பெயரிலேயே ஒரு பழைய மெக்சிகன் பாட்டும் உண்டு. ‘ஃப்ரீடா’ (2002) படத்தில் சவேலா வார்காஸ் பாடியதும், ‘கோகோ’ (2017) படத்தில் வந்ததும் அந்தப் பாட்டுதான். சிலென்சியோவில் ஒலிக்கும் ‘யோராந்தோ’ வேறு. பெயர் ஒத்துப்போவதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

‘யோராந்தோ’வின் மூலம் அமெரிக்கப் பாப் பாட்டு. ராய் ஆர்பிசனும் ஜோ மெல்சனும் சேர்ந்து எழுதிய ‘கிரையிங்’. 1961-இல் நாஷ்வில்லில் ஃப்ரெட் ஃபாஸ்டர் தயாரிப்பில் பதிவாகி, மான்யுமென்ட் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதன் பிறகு பலர் கைக்குப் போய் வந்த பாட்டு இது. டான் மெக்லீன் பாடியது 1980-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1987-இல் ஆர்பிசனே கே.டி. லாங்குடன் சேர்ந்து மறுபடி பாடினார். அந்த இணைப்பாடலுக்கு கிராமி விருதும் கிடைத்தது.

ஸ்பானிஷ் வரிகளை ஆக்கியவர் தானியா சான்ஸ். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, நானாவது இங்கே சொல்லிவிடுகிறேன். மெட்டு மாறாமல், மூச்சு விடும் இடம் மாறாமல், பாட்டின் முக்கியச் சொல் நீண்ட சுரத்தில் வந்து விழும்படி இன்னொரு மொழியில் எழுதுவது சின்ன வேலை கிடையாது. அந்த வேலை எவ்வளவு நன்றாக முடிந்திருக்கிறது என்பதற்கு, கேட்டவர்கள் அதை ஸ்பானிஷிலேயே பிறந்த பாட்டு என்று நம்புவதைவிட வேறு சான்று வேண்டாம்.

“மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த துயரத்தில் ஆர்பிசன் எழுதிய பாட்டு”

கேட்டதும் நம்பிவிடத் தோன்றும். ஆர்பிசன் வாழ்க்கையில் அடி மேல் அடி விழுந்தது நிஜம். 1966-இல் மனைவி கிளாடெட் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். 1968-இல், அவர் இங்கிலாந்தில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, டென்னசியில் ஹெண்டர்சன்வில் வீடு தீப்பற்றி மூத்த மகன்கள் இருவர் மாண்டார்கள். ஆனால் ‘கிரையிங்’ வந்தது 1961-இல். அப்போது அவருக்கு வயது 25. மனைவி உயிரோடு இருந்தார். தான் பிரிந்துவந்த ஒரு பெண்ணைப் பின்னாளில் எதிர்பாராமல் பார்த்ததும், பேசாமல் கடந்து போனதும்தான் பாட்டுக்கு விதை என்று ஆர்பிசனே சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் நேரக்கூடிய ஒன்று.

துயரம் வந்து கலைஞனைச் செதுக்கியது என்ற கதையில் நமக்கு ஒரு தனிப் பிரியம் இருக்கிறது. அதனால் வருடங்களை முன்னும் பின்னுமாக நகர்த்திவிடுகிறோம். இந்த விஷயத்தில் அது அநியாயம் என்றே நினைக்கிறேன். இழப்பு வருவதற்கு முன்பே, வெறும் கைத்திறனாலும் காதாலும் இப்படி ஒரு பாட்டைக் கட்டியிருக்கிறார் அந்த இளைஞர். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற வழக்கமான சுழற்சியை விட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் பேச்சுப்போலத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற அமைப்பு அவருடையது. அதே ஆண்டு வந்த ‘ரன்னிங் ஸ்கேர்ட்’ பாட்டிலும் இதே ஏற்றம்தான். அந்தப் பதிவின்போது வாத்தியங்களின் சத்தத்தில் ஆர்பிசன் குரல் அமுங்கிப்போனதால், கூடத்தின் ஒரு மூலையில் அவரை நிறுத்தி, சுற்றிலும் கோட்டு மாட்டும் ஸ்டாண்டுகளை வைத்து மறைப்புக் கட்டினார்கள். முதல் சில டேக்குகளில் கடைசி உச்ச சுரத்தைப் பொய்க்குரலில் தொட்டவர், பிறகு முழுக்குரலிலேயே அதைப் பிடித்தார். சோகம் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பயிற்சி இல்லாமல் அந்தச் சுரம் வராது.

ஆர்பிசன் பார்வையற்றவர் என்பதும் இதே ரகக் கதை. சிறு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டவர், அவ்வளவுதான். விமானத்தில் வழக்கமான கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு, பவர் உள்ள கறுப்புக் கண்ணாடியோடு மேடையேற வேண்டியதாயிற்று. அந்தத் தோற்றம் அப்படியே நிலைத்துவிட்டது.

“ப்ளூ வெல்வெட்டில் வந்ததும் இதே பாட்டு”

இல்லை. 1986-இல் வந்த லிஞ்சின் ‘ப்ளூ வெல்வெட்’டில் நடிகர் டீன் ஸ்டாக்வெல் ஒரு விளக்கைக் கையில் பிடித்து வாயசைப்பது ஆர்பிசனின் ‘இன் ட்ரீம்ஸ்’ பாட்டுக்கு. ஆனாலும் இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு சுவையான உண்மை இருக்கிறது. லிஞ்ச் அந்தப் படத்துக்கு முதலில் நினைத்தது ‘கிரையிங்’கைத்தான். நியூயார்க்கில் ஒரு டாக்சியில் போகும்போது அதைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர், ஆர்பிசன் இசைத்தட்டை வாங்கிக் கேட்டபோது ‘இன் ட்ரீம்ஸ்’ பக்கம் சாய்ந்துவிட்டார். தன் பாட்டைப் படத்தில் பயன்படுத்திய விதத்தைப் பார்த்து ஆர்பிசன் முதலில் அதிர்ந்தார், பிறகு சமாதானமாகி, அந்தப் பாட்டை மறுபதிவு செய்தபோது லிஞ்சுடன் சேர்ந்தும் வேலை செய்தார். 1988 டிசம்பரில் அவர் இறந்துபோனார். லிஞ்ச் விட்டுவைத்த ‘கிரையிங்’ இன்னொரு மொழியில் படத்துக்குள் வந்ததை அவர் பார்க்கவில்லை.

“காட்சிக்காகவே திட்டமிட்டு உண்டாக்கிய பாட்டு”

இதை நம்புகிறவர்கள் சிலர் இசையமைப்பாளர் ஆஞ்சலோ படலமென்டிக்குப் பெருமை சேர்க்கிறார்கள், சிலர் லிஞ்சுக்கு. படலமென்டி படத்தின் பின்னணி இசையை அமைத்தவர். எஸ்ப்ரெசோவை வாயில் வைத்ததும் துப்புகிற முரட்டு ஆளாக நடிக்கவும் செய்திருக்கிறார். ‘யோராந்தோ’வில் அவர் பங்கு கிடையாது. அதில் வாத்தியமே இல்லையே!

லிஞ்ச் விஷயம் வேறு. ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ முதலில் ஏ.பி.சி. தொலைக்காட்சித் தொடருக்கான முன்னோட்டமாக 1999-இல் எடுக்கப்பட்டது. நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. பிறகு பிரான்சின் ஸ்டூடியோகனால் நிறுவனம் பணம் போட, மேற்கொண்டு சில பகுதிகளை எடுத்து அதை முழுநீளப் படமாக்கினார் லிஞ்ச். 2001 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதை அவர் ஜோயல் கோயனுடன் பகிர்ந்துகொண்டது இந்தப் படத்துக்காகத்தான். தொலைக்காட்சிக்கு எடுத்த முன்னோட்டத்தில் சிலென்சியோ காட்சி கிடையாது. அதாவது, காட்சிக்கு முன்னால் குரல் வந்தது. ஒருவர் வீடு தேடி வந்து பாடிவிட்டுப் போனார், அந்தப் பாட்டுக்கு ஏற்ற இடத்தை இயக்குநர் பிறகு கண்டுபிடித்தார். ஸ்பானிஷில் பாடலாம் என்று லிஞ்ச் சொல்லித்தரவும் இல்லை. டெல் ரியோ வரும்போதே அந்த வடிவத்தோடுதான் வந்தார். நல்லதை அடையாளம் கண்டு, கெடுக்காமல் வைத்துக்கொண்டதுதான் லிஞ்சின் பெருமை. அதுவே பெரிய விஷயம், கூடுதலாக எதையும் அவர் கணக்கில் எழுதத் தேவையில்லை.

அரங்கைப் பற்றியும் கேட்பார்கள். உள்காட்சி லாஸ் ஏஞ்சலஸ் பிராட்வேயில் 1927-இல் கட்டிய டவர் தியேட்டரில் எடுத்தது. இப்போது அங்கே ஆப்பிள் நிறுவனத்தின் கடை இருக்கிறது.

“வாத்தியம் இல்லை, அதனால் சுலபம்”

பாடத் தெரிந்தவர்கள் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்பவர்களில் பலர், கேவிக் கேவிப் பாடினால் போதும், உணர்ச்சி மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்றே நினைக்கிறார்கள்.

ஆர்பிசனுக்குப் பின்னால் தாளம் ஓடியது, வயலின் கூட்டம் இருந்தது, உடன்பாடுகிறவர்கள் இருந்தார்கள். சுருதி தவறினால் காட்டிக்கொடுக்கவும் தூக்கிவிடவும் ஆள் இருந்தது. டெல் ரியோவுக்குச் சுருதிப்பெட்டிகூட இல்லை. துணை இல்லாமல் பாடுகிற குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடுவது வழக்கம். பாட்டு நீளமாக ஆக, சுரங்கள் உயர உயர, அந்த ஆபத்து கூடும். இந்தப் பாட்டோ, தொடங்கிய இடத்திலிருந்து கடைசி வரை ஏறிக்கொண்டே போவது. கீழ்ஸ்தாயியில் சுருதியை நெஞ்சுக்குள் ஊன்றிவைத்துக்கொண்டு, மூன்று நிமிடம் கழித்து மேலே போகும்போதும் அதை விடாமல் பிடிக்க வேண்டும்.

ஹெட்போனில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஆர்பிசன் பாட்டில் இருந்த சீரான தாளத்தை இவர் முற்றிலும் கழற்றிவிட்டார். ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்கு முன்னால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. அந்த இடைவெளிகளில் அறையின் அதிர்வு மட்டும் தேய்ந்து அடங்கும், மூச்சு இழுப்பது கேட்கும். முதல் பகுதியில் குரலில் அதிர்வே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நேராகப் பாடுகிறார். யாரிடமோ ஒரு செய்தி சொல்வதுபோல. பிறகுதான் சொற்களின் கடைசி உயிரெழுத்தை நீட்டி, அதை உடைத்து, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறார். மெக்சிகோவின் ரஞ்சேரா பாடகிகளிடம் கேட்கும் விம்மல் அங்கே எட்டிப்பார்க்கிறது. குரல் உடைகிற மாதிரி இருக்கும் இடத்திலும் சுருதி உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்பிசன் பாடும்போது ஆண் ஒருவன் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டு நிற்பது தெரியும். டெல் ரியோவிடம் அந்த அடக்கம் இல்லை, ஆனால் அழுகையிடம் தன்னை முழுதாக ஒப்படைத்துவிடுவதும் இல்லை. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஸ்பானிஷைத்தான் எடுத்துக்கொள்வேன்.

“காட்சியின் செய்தி: எல்லாம் போலி, அழுதவர்கள் ஏமாளிகள்”

படத்தை அலசுகிறவர்கள் அடிக்கடி வந்து சேரும் முடிவு இது. மேடைக்காரர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார், அப்புறமும் அரங்குக்கு வந்த இரண்டு பெண்களான பெட்டியும் ரீட்டாவும் அழுகிறார்கள், பாடகி விழுந்ததும் மாயம் கலைகிறது, ஆகவே சினிமாவே ஏமாற்று வித்தை என்கிறார் லிஞ்ச் என்று விளக்கம் தருவார்கள்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னணிக் குரலுக்கு நடிகர்கள் வாயசைப்பதைப் பார்த்தே தலைமுறை தலைமுறையாக அழுதவர்கள் நாம். குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்று தெரிந்தேதான் அழுதோம், அதனால் அந்தக் கண்ணீர் பொய்யாகிவிடவில்லை. ஒலிப்பதிவு என்றால் போலி என்று யார் சொன்னது? ஒருவர் ஒரு நாள் ஓர் அறையில் நின்று மெய்யாகவே பாடியதன் தடயம் அது. அந்த இருவராக நடித்த நவோமி வாட்ஸும் லாரா ஹாரிங்கும் திரையில் அழுவதற்கு எச்சரிக்கை தடையாக இருக்கவில்லை, நமக்கும் இருக்கவில்லை. பாடகி விழும்போது நாம் உணர்வது ஏமாற்றம் இல்லை, திகில். உடல் போய்விட்டது, குரல் மட்டும் தனியாக நிற்கிறது என்ற திகில். மேடைக்காரர் சொன்ன எச்சரிக்கையை அந்தக் குரல் தோற்கடித்துவிடுகிறது. காட்சி முடிந்ததும் பெட்டி கைப்பையைத் திறக்க, உள்ளே ஒரு சின்ன நீலப் பேழை கிடைக்கிறது. கதை தலைகீழாகப் புரள்வது அங்கிருந்துதான். அழுகை அந்தப் படத்தில் ஏமாளித்தனமாக நடத்தப்படவில்லை. உண்மை அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

“ஒரே பாட்டோடு காணாமல் போனவர்”

டெல் ரியோவைப் பற்றி இப்படி எழுதுகிறவர்கள் பரிவோடுதான் எழுதுகிறார்கள். தகவல்தான் தவறு. லிஞ்சைச் சந்திப்பதற்கு முன்பே அவருக்கு இசைத்தட்டு ஒப்பந்தம் இருந்தது. ‘நோபடிஸ் ஏஞ்சல்’ நெதர்லாந்தில் கவனம் பெற்ற பாட்டு. ரிச்சர்ட் கெல்லியின் ‘சவுத்லேண்ட் டேல்ஸ்’ (2006) படத்தில் அமெரிக்க தேசிய கீதத்தைப் பாடியிருக்கிறார். 2017-இல் லிஞ்சின் ‘ட்வின் பீக்ஸ்’ தொடர் திரும்பி வந்தபோது, அதன் பத்தாம் பகுதியில் ‘நோ ஸ்டார்ஸ்’ என்ற பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டை எழுதியதில் லிஞ்சுக்கும் பங்கு உண்டு. மோபி கிடார் வாசிக்க, பாதி ஆங்கிலத்திலும் பாதி ஸ்பானிஷிலுமாகப் பாடுவார். தொடரின் சிவப்பு அறைத் தரையில் இருக்கும் கறுப்பு வெள்ளை ஜிக்ஜாக் கோடுகள் அவர் அணிந்திருக்கும் உடையிலும் இருக்கும்.

‘யோராந்தோ’வை அவர் கடைசிவரை மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார். லிஞ்ச் 2025 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி, 57 வயதில், டெல் ரியோ லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அந்த மாதத்தில்கூட ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ திரையிடல் ஒன்றில் அந்தப் பாட்டைப் பாடியிருந்தார். அவர் பாடிய வேறு எதையும் கேட்டதில்லை என்றால், ‘நோ ஸ்டார்ஸ்’ தொடங்க நல்ல இடம்; அவசரமே இல்லாத, நீளமான பாட்டு, அதை நடுவில் நிறுத்தாமல் முழுக்கக் கேளுங்கள்.